வருட ஏழு

பல் துலக்கி முகம் கழுவியதும் ஜெசிந்தா செவிமொட்டுகளைக் காதில் பொருத்திக்கொண்டாள். முந்தைய நாள் அவளுக்கு எப்படிப் போயிற்று, இரவு எப்படித் தூங்கினாள், எழுந்தபோது நாடி எப்படித் துடித்தது என்பதையெல்லாம் பார்த்து, பண்மனை நிறுவனத்தின் பொறி அவளுக்கென்று ஒரு பாட்டைச் செய்து வைத்திருந்தது. அன்று வந்தது மெதுவான பாட்டு. பெண் குரல், பின்னால் ஒற்றைக் கிதார். காபி ஆறும்வரை அடுப்படியிலேயே நின்று கேட்டாள். பிடித்திருந்தது. மொட்டின் மேல் இரண்டு முறை தட்டினாள். பாட்டு அவளுடைய பிடித்தவற்றோடு போய்ச் சேர்ந்துகொண்டது.

தூத்துக்குடித் துறைமுகத்தில் அவளுக்குப் பளுதூக்கி ஓட்டும் வேலை. இப்போதெல்லாம் பளுதூக்கியின் மேல் யாரும் ஏறுவதில்லை. கண்ணாடிக் கட்டடத்துக்குள் தொலைக்கை எனப்படும் கையுறைகளை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து இங்கே விரல்களை மடக்கினால், அங்கே கப்பலிலிருந்து ஒரு கன்டெய்னர் எழும்பும். கூடம் நெடுகத் தடுப்புகள். தடுப்புக்கு ஒருவர். ஒவ்வொரு தலையும் ஒவ்வொரு தாளத்துக்கு ஆடிக்கொண்டிருக்கும்.

ஊரே அப்படித்தான் இருந்தது. டீக்கடையில் பாட்டு இல்லை, பேருந்தில் பாட்டு இல்லை. கல்யாண மண்டபத்தில் பிள்ளைகள் ஆடும்போது ஒருவன் கால் தரையில் படும் நேரத்தில் அடுத்தவன் கால் காற்றில் இருக்கும். எல்லோர் காதிலும் ஒரே பாட்டு ஒலித்த காலம் ஒன்று இருந்ததாக ஜெசிந்தா பள்ளியில் படித்திருக்கிறாள். ஒருவருக்குச் செய்த பாட்டை இன்னொருவர் கேட்டால் சப்பென்று இருக்கும் என்று சொல்வார்கள். அவரவர் நாடிக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அல்லவா அது. பொது இடத்தில் முணுமுணுப்பதுகூட நடுத்தெருவில் குளிப்பதைப் போல அநாகரிகமாகிவிட்டிருந்தது.

ஆண்டு முழுக்க வந்த பாட்டுகளில் ஏழு பாட்டுகளைத்தான் ஒருவர் வைத்துக்கொள்ளலாம். டிசம்பர் முடிந்ததும் மற்றவை அழிந்துபோகும். இத்தனை கோடிப் பேருக்கு நாள்தோறும் செய்கிற பாட்டுகளை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பது பண்மனையின் நியாயம். அந்தத் தேர்வுக்கு வருட ஏழு என்று பெயர். டிசம்பர் பிறந்துவிட்டால், "உங்க ஏழு முடிஞ்சுதா?" என்று விசாரிப்பது மரியாதை. என்ன பாட்டு என்று கேட்பது மரியாதை இல்லை.

ஜெசிந்தாவுக்கு ஐம்பது வயது நெருங்கிக்கொண்டிருந்தது. கணவன் வில்ஃபிரட் பெர்த் நகரத்துக்கு வேலைக்குப் போனான். முதலில் வாரந்தோறும் பேசினான், பிறகு பண்டிகைக்குப் பேசினான், கடைசியில் வக்கீல் மூலமாகப் பேசினான். பிள்ளைகள் இல்லை. தெற்குக் கடற்கரைச் சாலையில் அடுக்குமாடி ஒன்றின் உச்சியில் அவள் வீடு. சில நாட்களில் வேலையிலிருந்து திரும்பி, குளித்து, சாப்பிட்டு, படுக்கும்போதுதான் அன்றைக்கு யாரிடமும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்பது நினைவுக்கு வரும்.

அந்த ஆண்டு, காற்றுக் காலத்தில், அவளுக்கு அந்தப் பாட்டு வந்தது.

*குடை ஒன்று வாங்கி வைத்தேன், மழை இல்லாத ஊரிலே.
கதவோரம் சாய்த்து வைத்தேன், கைப்பிடி உன் பக்கமாய்.*

துள்ளலான மெட்டு. கேட்டால் சோகம் என்றே தெரியாது. இரண்டாவது வரி முடிந்ததும் பாடுகிறவன் மூச்சு இழுப்பான். அந்த மூச்சுக்குப் பிறகு தாளம் விழவேண்டிய இடத்தில் விழாது. கேட்கிறவர் மனம் படியைத் தேடும் கால் மாதிரி ஒரு கணம் துழாவும். அப்புறம்தான் தாளம் வந்து தாங்கிக்கொள்ளும். ஜெசிந்தா அந்த இடத்துக்காகவே பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். அதற்கு முன் எத்தனையோ பாட்டுகள் பிடித்திருந்தன. ஆனால் இதை யாரிடமாவது சொல்லவேண்டும் என்று இருந்தது. அப்படி ஓர் ஆசை அவளுக்கு முன்பு வந்ததில்லை.

பக்கத்துத் தடுப்பில் இருந்த ஸ்டெல்லாவிடம் சாப்பாட்டு வேளையில் சொல்லிப் பார்த்தாள். "ஒரு பாட்டு வந்திருக்கு ஸ்டெல்லா. நடுவுல தாளம் ஒரு நொடி காணாமப் போயிரும் பாத்துக்கோங்க."

ஸ்டெல்லா நல்லவள். சோற்றைப் பிசைந்தபடி, "உங்களுக்குன்னு வந்ததுல்லா, உங்களுக்கு நல்லாத்தான் இருக்கும்" என்று சிரித்தாள். பிறகு தன் காதைத் தொட்டு அடுத்த பாட்டுக்கு மாறிக்கொண்டாள்.

மாதா கோயில் திருவிழாவின்போது ஜெசிந்தா மக்ரூன் வாங்க பேக்கரிக்குப் போனாள். வரிசை தெருவரை நீண்டிருந்தது. அவளுக்கு முன்னால் நின்றிருந்தவர் வெயிலில் கறுத்த, ஒல்லியான மனிதர். சட்டைப் பையில் ஒரு காற்றாலைக் கம்பெனியின் அடையாள அட்டை தொங்கியது. தான் இருக்கும் இடத்தையே மறந்தவர்போல அவர் வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார். வரிசையில் இருந்த ஓர் அம்மாள் முகத்தைச் சுளித்துக்கொண்டு திரும்பினார். ஜெசிந்தாவும் திரும்பத்தான் போனாள். அதற்குள் அவர் ஒரு மூச்சை இழுத்தார். ஒரு கணம் தவறவிட்டு, விரலால் தொடையில் தட்டினார்.

ஜெசிந்தா ஓரடி நெருங்கினாள். "அண்ணாச்சி" என்றாள்.

அவர் பதறித் திரும்பினார். "மன்னிச்சிருங்க. தெரியாமப் பாடிட்டேன்."

"அது இல்ல. அந்தப் பாட்டு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கு வந்த பாட்டு."

"எப்ப வந்துச்சு?"

"காத்து வீசத் தொடங்குனப்ப. ஏன் கேக்கீங்க?"

அவள் சுற்றிலும் பார்த்துவிட்டு, வாயைக் கையால் மறைத்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கும்படி பாடினாள். "கதவோரம் சாய்த்து வைத்தேன், கைப்பிடி உன் பக்கமாய்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் சத்தம் போட்டார்கள். இருவரும் நகரவில்லை.

அவர் பெயர் கோமதிநாயகம். கயத்தாறு பக்கம் காற்றாலை மேட்டில் வேலை. தும்பி என்று எல்லோரும் சொல்லும் சிறிய பறக்கும் பொறியை மேலே அனுப்பி, இறக்கைகளில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். குடியிருப்பும் அந்த மேட்டிலேயே. கல்யாணம் ஆகவில்லை. "பொண்ணு பாக்கப் போன இடத்துல எல்லாம் அந்த மேட்டுலயா குடியிருக்கணும்னு கேட்டாங்க. ஆமான்னேன். அதோட சரி" என்றார். வாரம் ஒருமுறை சாமான் வாங்க ஊருக்குள் வருவார்.

அன்று கடற்கரைப் பூங்காவில் உட்கார்ந்து இருவரும் தங்களுக்குப் பிடித்தவற்றை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்தார்கள். ரயில் சத்தத்தில் தொடங்கும் அந்தப் பாட்டு? இருக்கிறது. சிறுவன் ஒருவன் நடுவில் எண்ணிக்கொண்டே போவானே? அதுவும் இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் கோமதிநாயகம் தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஜெசிந்தாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மறைத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அதன்பின் ஞாயிறுதோறும் சந்தித்தார்கள். பாட்டைப் பற்றிச் சண்டை போடலாம் என்பதே இருவருக்கும் அதிசயமாக இருந்தது. ரயில் பாட்டில் கடைசிச் சரணம் தேவையே இல்லை என்பார் அவர். அந்தச் சரணம் இல்லாவிட்டால் பாட்டே இல்லை என்பாள் அவள். "அந்தப் பொண்ணு அந்த இடத்துல அழுதுக்கிட்டே பாடுதா" என்பார். "அழல. சிரிப்பை அடக்குதா. நல்லாக் கேளுங்க" என்பாள். இருவரும் மொட்டை அழுத்திக் கேட்டுவிட்டு மறுபடி வாதாடுவார்கள். ஒருநாள் அலைத்தடுப்புப் பாறைகளில் நின்று குடைப் பாட்டைச் சத்தமாகவே பாடினார்கள். அவர் சுருதிக்குள் நிற்கமாட்டார். மூச்சு இழுக்கும் இடத்தில் மட்டும் சரியாக வந்து சேர்ந்துகொள்வார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் ஒதுங்கிப் போனார்கள். இரண்டாவது சந்திப்பிலேயே அவள் அண்ணாச்சி என்பதை விட்டுவிட்டாள். அவரும் மேடம் என்பதை விட்டுவிட்டார். அதைப்பற்றி இருவரும் பேசவில்லை.

இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள ஜெசிந்தா துடித்தாள். கோமதிநாயகத்துக்கு அதில் விருப்பமில்லை. "கிடைச்சதை ஏன் நோண்டணும்?" என்றார். அவள் அவரிடம் சொல்லாமல், பாளையங்கோட்டை சாலையில் இருந்த பண்மனைக் கிளைக்குப் போனாள். அவள் மனதில் ஓர் எண்ணம் இருந்தது. அத்தனை கோடி மனங்களையும் அளந்து பார்க்கிற அந்தப் பொறி, இந்த இரண்டும் ஒரே மனம் என்று கண்டுபிடித்திருக்கலாம். அதை யாராவது தன்னிடம் சொல்லவேண்டும் என்று ஆசைப்பட்டாள்.

கிளையில் இருந்த பொறியாளர் இளம்பெண். நிவாஷினி என்று பெயர் அட்டையில் இருந்தது. சென்னையிலிருந்து மாற்றலாகி வந்தவள். ஜெசிந்தா சொன்னதைக் கேட்டதும் திரையில் எதையோ தேடிப் பார்த்தாள். அப்புறம் திரையைச் சற்றுத் தன் பக்கமாகத் திருப்பிக்கொண்டாள்.

"பாட்டு எதுலேர்ந்து வருதுன்னு நினைக்கிறீங்க மேடம்?"

"என் மனசுலருந்து."

"உங்க நாள்லேர்ந்து. யார்கூடப் பேசினீங்க, யார் குரலைக் கேட்டா நாடி ஏறுது, யார்கூடச் சண்டை போட்டுட்டுத் தூங்காம இருந்தீங்க, அதெல்லாம்தான் ஒருத்தரை இன்னொருத்தர் மாதிரி இல்லாம ஆக்குது. அது ஒண்ணும் இல்லேன்னா..." அவள் நிறுத்தினாள்.

"இல்லாட்டா?"

"எழுந்திருக்கிறது, வேலைக்குப் போறது, திரும்பி வர்றது, தூங்குறது. இதுல ஆளுக்கு ஆள் வித்தியாசமே இருக்காது மேடம். அதனால அவங்க எல்லாருக்கும் சேர்த்து ஒரே பாட்டைச் செஞ்சு, ஒரே நேரத்துல அனுப்பிடும். நாடிக்குத் தகுந்த மாதிரி சத்தம் மட்டும் லேசா கூடும், குறையும்."

"எல்லாருக்கும்னா? நாங்க ரெண்டு பேரு இல்லையா?"

நிவாஷினி அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள். "எத்தனை பேர்னு சொல்லக் கூடாது. இந்த ஊர்ல இருக்கிறவங்களை மட்டும் கூப்பிட்டாலே உங்க கடற்கரை கொள்ளாது."

ஜெசிந்தா கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆனா நல்ல பாட்டுங்க மேடம்" என்றாள் நிவாஷினி அவசரமாக. "ஜனங்க அதிகமா ரெண்டு தட்டு தட்டுற பாட்டுங்க அந்த வகையிலதான் இருக்கு. அப்புறம், உங்களுக்கு இனிமே மாறிடும். இப்பதான் பேச ஆள் கிடைச்சிட்டாங்களே. மாறவும் ஆரம்பிச்சிருச்சு. நல்ல விஷயம்தானே?"

ஜெசிந்தா வெயிலில் நடந்தே வீட்டுக்குப் போனாள். அவளுக்கென்று தைத்ததாக நினைத்தது, கடையில் வரிசையாகத் தொங்கிய ஆயத்தச் சட்டை. குடை வாங்கி வைத்தவள் அவள் இல்லை. எந்த ஆளும் இல்லை. எதிரே வந்தவர்கள் காதுகளைப் பார்த்துக்கொண்டே போனாள். அந்தச் சைக்கிள்காரர்? அந்த வங்கிச் சீருடைப் பெண்? யார் காதில் குடைப் பாட்டு ஓடுகிறது என்று எப்படித் தெரியும்? யாரும் முணுமுணுக்கவில்லை.

அவரிடம் அவள் உடனே சொல்லவில்லை. அடுத்த ஞாயிறு கோமதிநாயகம் வந்ததும் வராததுமாக, "புதன்கிழமை வந்துச்சே, கேட்டீங்கள்லா? குழல் மட்டும் தனியா ஏறி ஏறிப் போகுமே" என்றார். அவளுக்குப் புதன்கிழமை குழல் வரவில்லை. தவில்போல எதுவோ அதிரும் ஒரு வேகப் பாட்டு வந்திருந்தது. அவள் அதைப் பாடிக் காட்டினாள். அவர் கவனமாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு" என்றார். ஸ்டெல்லா சொன்னமாதிரியே இருந்தது.

அதற்கடுத்த வாரம் இருவருக்கும் பொதுவாக ஒரு பாட்டுதான் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. அப்போதுதான் அவள் பண்மனையில் கேட்டதைச் சொன்னாள். கோமதிநாயகம் கடல் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அவமானப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் படவில்லை.

"அப்ப நாம சந்திச்சதாலதான் நின்னுபோச்சு" என்றார்.

"ஆமா. ஆனா இப்ப வாரது நமக்குன்னு வாரதுல்லா. உங்களுக்குன்னு ஒண்ணு, எனக்குன்னு ஒண்ணு."

"எனக்குன்னு வந்து என்ன செய்ய? நான் அதை யார்கிட்டப் பேச?"

"என்கிட்டப் பேசுங்க."

"உங்களுக்குத்தான் அது தெரியாதே." அவர் உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டார். "இத்தனை ஞாயிறு பேசியிருக்கோம். என்ன பேசினோம்? பாட்டைப் பத்தித்தான். பாட்டு இல்லாம எனக்குப் பேசத் தெரியாது ஜெசிந்தா."

"சாப்பாட்டைப் பத்திப் பேசலாம். உங்க தும்பியைப் பத்திப் பேசலாம்."

"அதை யார்கூட வேணும்னாலும் பேசலாமே."

"யார்கூடவாவது பேசுதீங்களா?"

அவர் எழுந்து கொஞ்சதூரம் நடந்துவிட்டுத் திரும்பி வந்தார். சொல்லவேண்டியதை அங்கே தயார்செய்துகொண்டு வந்தது தெரிந்தது.

"நாம பாக்காம இருந்தா பாட்டு திரும்பி வரும். முந்தி மாதிரி. ஒரே பாட்டு, ஒரே நேரத்துல. நீங்க அங்க கேட்டுட்டு இருப்பீங்க, நான் மேட்டுல கேட்டுட்டு இருப்பேன். இப்ப ஒருத்தருக்கொருத்தர் தெரியும். அந்தப் பாட்டு வரும்போது நீங்களும் கேக்கீங்கன்னு எனக்குத் தெரியும். முந்தி அது தெரியாதே. அது போதாதா?"

"அப்ப நான் வேண்டாம், பாட்டு வேணும்."

"அப்படிச் சொல்லாதீங்க. நீங்க பாட்டுலதான் இருக்கீங்க."

"நான் இங்கல்லா இருக்கேன்" என்றாள் ஜெசிந்தா.

அவர் அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. கூப்பிட்டால் எடுக்கவில்லை. அவள் சில வாரங்கள் பூங்காவுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அப்புறம் போவதை நிறுத்தினாள். அவளுடைய நாட்கள் பழையபடி எழுவது, போவது, வருவது, படுப்பது என்றாயின.

அவர் சொன்னது நடந்தது. ஐப்பசி மழைக்காகக் காத்திருந்த ஒரு மதியத்தில், தொலைக்கைகளை மாட்டியபடி இருந்தவள் காதில் ஒரு பாட்டு தொடங்கியது. இரண்டு மூன்று சுரத்திலேயே தெரிந்துவிட்டது, இது எல்லோருக்குமான பாட்டு. ஆண் குரல். ஊரில் எல்லா வீட்டிலும் விளக்கு எரிகிறது, எது யார் வீடு என்றுதான் தெரியவில்லை என்று பாடினான். அற்புதமாக இருந்தது. பல்லவி மூன்றாம்முறை வரும்போது குரல் விலகிப்போய், விளக்குகளை எண்ணுவதுபோல ஒரு மணி மட்டும் ஒலித்தது. அந்த இடத்தில் கோமதிநாயகம் தொடையைத் தட்டியிருப்பார் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

அதன்பின் அவள் அப்படித்தான் கேட்டாள். பாட்டு தொடங்கும்போதே அவரும் கேட்கத் தொடங்கியிருப்பார் என்று நினைப்பாள். அவர் சொன்னதில் ஏதோ உண்மை இருக்கத்தான் செய்தது. அது ஒருவகைத் துணைதான். காய் நறுக்கிக்கொண்டே, "இந்த இடம் நல்லா இருக்கு, என்ன?" என்று வாய்விட்டுக் கேட்பாள். பதில் வராத அந்த இடைவெளியில் கத்தி நின்றுவிடும். இப்படி எத்தனை நாள் ஓட்டமுடியும் என்று அவளுக்குத் தெரியவில்லை. டிசம்பரும் பிறந்துவிட்டது. அலுவலகத்தில் ஆளாளுக்கு ஏழு முடிந்ததா என்று விசாரித்துக்கொண்டார்கள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஞாயிறு அவள் கயத்தாறுக்குப் பேருந்து ஏறினாள். இறங்கி, செம்மண் தடத்தில் மேடேறிப் போனாள். எங்கும் காற்றாலைகள். அவற்றின் நிழல்கள் தரையில் மெதுவாகச் சுழன்று, அவள்மேல் ஏறி இறங்கிப் போயின. காதில் அந்த விளக்குப் பாட்டு தொடங்கியிருந்தது. நிவாஷினியின் பொறி அதை மறுபடி எல்லோருக்கும் அனுப்பியிருக்கவேண்டும்.

ஒரு கோபுரத்தின் அடியில் கோமதிநாயகம் உட்கார்ந்திருந்தார். முதுகு இரும்பில் சாய்ந்திருந்தது, கண் மூடியிருந்தது. பக்கத்தில் தும்பி இறக்கை மடங்கிக் கிடந்தது. அவருடைய வலதுகால் தாளம் போட்டது. ஜெசிந்தா நின்றுவிட்டாள். அந்தக் கால் தரையில் விழும்போதெல்லாம் அவள் காதிலும் தாளம் விழுந்தது. வேறு யாருடைய கால் தாளமும் தன் பாட்டோடு சேர்ந்து அவள் வாழ்க்கையில் பார்த்ததில்லை. கொஞ்சம் தள்ளி நின்று அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள். அவரை அவ்வளவு நெருக்கமாக அவள் உணர்ந்ததே இல்லை. கூப்பிட்டால் இது போய்விடும் என்பதும் தெரிந்தது. மணி ஒலிக்கும் இடம் வந்தது. அவர் தொடையில் தட்டினார், லேசாகச் சிரித்தார். தனக்குத்தானே சிரித்த அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் அவளால் பொறுக்க முடியவில்லை. மொட்டுகளைக் கழற்றிப் பைக்குள் போட்டாள்.

"கோமதி" என்றாள்.

அவர் கண்ணைத் திறந்தார். முகத்தில் வந்த மகிழ்ச்சி மறைக்கமுடியாத மகிழ்ச்சிதான். அவள் அதைப் பார்த்தாள். அது எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது என்பதையும் பார்த்தாள்.

"வாங்க" என்று எழுந்தார். "தண்ணி குடிக்கீங்களா?"

குடிசை மாதிரியான அவருடைய அறையிலிருந்து சொம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். கடுங்காபி போட்டுத் தந்தார். சர்க்கரை கூடுதல். அதைக் குடித்துக்கொண்டே, "இந்தப் பாட்டுல மணி வருமே" என்று அவள் தொடங்கினாள்.

"ஆமா." அவர் கண் மலர்ந்தது. "அது பதினோராவது அடிக்கு அப்புறம் நின்னுரும், பாத்தீங்களா? எந்த வீட்டு முன்னாடியோ நின்னுட்டான்." சொல்லி முடிப்பதற்குள் குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கு இது வராது, இல்லையா? நீங்க வந்துட்டீங்கள்லா."

"வேற வரும்."

"ஆமா. வேற."

அவள் மீதிக் காபியைக் குடித்து முடித்தாள். மேலே இறக்கைகள் காற்றை அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"உங்களைப் பாத்ததுல சந்தோஷம்தான்" என்றார் அவர். "பொய் சொல்லல. ஆனா இந்த ரெண்டு மாசம் நான் நல்லா இருந்தேன் ஜெசிந்தா. எப்பவும் நீங்க கூட இருக்க மாதிரியே இருந்துச்சு."

"எனக்கு நீங்க இல்லாத மாதிரியே இருந்துச்சு" என்றாள் அவள்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். கோபித்துக்கொள்ளவும் இடம் இல்லாமல் அவ்வளவு சாதுவாக நின்றார். கீழே சாலைவரை கூட வந்தார். ஓரடி முன்னால் நடந்தார். முள் கிடந்த இடத்தில் மட்டும் செருப்பால் ஒதுக்கிவிட்டு அவளுக்காக நின்றார். பேருந்து வந்ததும் கையைத் தூக்கினார். ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் திரும்பிப் பார்த்தபோது பேருந்து இன்னும் நகரவே இல்லை. அவர் மேட்டைப் பார்க்கத் திரும்பியிருந்தார். விரல்கள் காதில் மொட்டுகளைப் பொருத்திக்கொண்டிருந்தன.

மறுநாள் ஜெசிந்தாவுக்குப் பாட்டு வரவில்லை. செய்யப்படுகிறது, காத்திருக்கவும் என்று மொட்டு சொன்னது. அப்படி ஒரு செய்தியை அவள் அதுவரை கேட்டதில்லை. அதற்கடுத்த நாள், துறைமுகத்துக்குப் போகிற பேருந்தில், பாட்டு தொடங்கியது.

கிதார் இல்லை, துள்ளல் இல்லை. மிகப் பெரிய ஒன்று மெதுவாகச் சுழலும் ஓசை, அதுவே தாளம். அதன்மேல் ஒரு பெண் குரல். அழகான குரல் என்று சொல்ல முடியாது. வயதான, கொஞ்சம் கரகரத்த குரல். அது அவளுடைய குரலைப் போலவே இருந்தது.

*நிழல் வந்து தொட்டுத் தொட்டுப் போகுது,
நான் நின்றது நிழலுக்குத் தெரியுமா?*

நடுவில் ஓர் இடத்தில் இன்னொரு குரல் ஒரே ஒரு வார்த்தை பாடியது. சுருதி சேராத ஆண் குரல். வாங்க என்றது. பிறகு அது வரவே இல்லை. பாட்டு முடியும்வரை அவள் அதற்காகக் காத்திருந்தாள். இறங்கவேண்டிய நிறுத்தம் கடந்துபோய்விட்டது. பேருந்தில் இருந்த ஒவ்வொரு முகத்தையும் அவள் பார்த்தாள். இந்தப் பாட்டு அவர்களில் யாருக்கும் இல்லை. இந்த ஊரில் இல்லை, எந்த ஊரிலும் இல்லை. காற்றாலை மேட்டிலும் இல்லை. வாழ்நாளில் கேட்டதிலேயே இதுதான் மேலான பாட்டு. இதில் எந்த இடம் நல்ல இடம் என்று அவளோடு வாதாட இனி யாரும் வரப்போவதில்லை.

டிசம்பர் கடைசி நாளன்று சாப்பாட்டு வேளையில் ஸ்டெல்லா கேட்டாள். "உங்க ஏழு முடிஞ்சுதா?"

"இப்பத்தான் பாக்கேன்."

திரையில் அவளுக்குப் பிடித்தவை வரிசையாக நின்றன. அவள் நிழல் பாட்டை எடுத்து முதல் இடத்தில் வைத்தாள். மற்றவற்றின் மேல் விரல் ஒருமுறை போய்த் திரும்பியது. குடைப் பாட்டின்மீது கொஞ்சம் நின்றது, விளக்குப் பாட்டின்மீது கொஞ்சம் நின்றது. ஆறு இடங்கள் காலியாக உள்ளன, உறுதிதானா என்று திரை கேட்டது.

அந்தப் பாட்டுகளை வைத்துக்கொள்ள எத்தனையோ பேர் இருந்தார்கள். இதற்கு அவள் ஒருத்திதான். உறுதி என்று அழுத்திவிட்டு, சாப்பாட்டுப் பாத்திரத்தைக் கழுவ எழுந்தாள்.